வெள்ளிக்கிழமைத் தண்ணீர்

போர்வையின் ஓரத்தை இரண்டு விரலால் கிள்ளி ஒரு சாண் உயரத்துக்குத் தூக்குவாள். பிறகு விட்டுவிடுவாள். காற்றில்லாத நேரத்தில் கொடியிலிருந்து நழுவுகிற துணி போல அது ஆறுதலாக இறங்கி, படுத்திருப்பவரின் வலது கால் பெருவிரலில் படும். படுகிற அந்தக் கணத்தில் மெற்றில்டா விரலைப் பார்ப்பதில்லை. முகத்தைப் பார்ப்பாள். முகத்திலும் புருவத்தை மட்டும். வாய்க்குப் பொய் சொல்லத் தெரியும். பழகிவிட்டால் கண்ணும் சொல்லும். புருவத்துக்கு மட்டும் அந்தக் கெட்டித்தனம் கிடையாது.

இதற்கு முன்பே கையைக் கழுவி, உள்ளங்கைகளைத் தேய்த்துச் சூடாக்கியிருப்பாள். குளிர்ந்த கை பட்டுப் புருவம் எழும்பிவிட்டால் அன்றைக்குப் பார்த்தது பாழ். எல்லாம் முடிந்த பிறகுதான் "குட் மோர்னிங் ஐயா" வரும்.

"இண்டைக்குப் பரவாயில்லை மிஸ்ஸி," என்பார் இராஜநாயகம்.

"பரவாயில்லையா? புருவம் கூரையைத் தொட்டுட்டு வந்திச்சே."

"அது நான் வேறை ஒண்டை யோசிச்சனான்."

"நீங்க யோசிங்க. கால் என்ன யோசிக்குதெண்டு நான் பாக்கிறன்."

பிறகு நூல். கைப்பையிலிருந்து வெள்ளைத் தையல் நூலை எடுத்து, பெருவிரல் பாதத்தோடு சேருகிற இடத்தில், சிவந்து பளபளக்கிற அந்த மூட்டைச் சுற்றித் தொட்டும் தொடாமலும் ஒரு சுற்று. இரண்டு முனையும் சந்திக்கிற இடத்தில் கத்தரித்து, துண்டைக் கொப்பியில் திகதிக்கு மேலே நிமிர்த்தி ஒட்டுவாள். பக்கம் முழுக்க வெள்ளை நூல்கள் வரிசையாக நிற்கும். பக்கத்தில் இரண்டே சொல்: 'துணி தாங்கினார்' அல்லது 'துணி தாங்கவில்லை'. அதன் கீழே, குளிசை கொடுத்ததற்கு ஒரு சரி. முதுகிலும் முழங்கையிலும் குளிசை ஒத்துக்கொள்ளாமல் பொரி ஏதும் போட்டிருக்கிறதா என்று பார்த்ததற்கு இன்னொரு சரி.

மெற்றில்டா கொட்டாஞ்சேனைக்காரி. பேராலயத்துக்குப் பின்னால், ஒருவர் குடை விரித்தால் மற்றவர் குடை மடக்க வேண்டிய ஒழுங்கையில் வீடு. தனியார் நேர்சிங் ஹோம் ஒன்றில் இருபத்தெட்டு வருடம் வேலை செய்து ஓய்ந்தவள். துறைமுகத்தில் வேலை செய்த கணவன் சிறில் மாரடைப்பில் போன பிறகு, வீடுகளுக்குப் போய் நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளத் தொடங்கினாள். வீட்டு நோயாளி ஆஸ்பத்திரி நோயாளியைப்போல அல்ல என்பாள். ஆஸ்பத்திரியில் ஆள் வருத்தத்துக்குள் படுத்திருப்பான். வீட்டிலே வருத்தம் ஆளுக்குள் ஒளித்துக்கொண்டிருக்கும், தேடித்தான் பிடிக்கவேண்டும்.

கோட்டையிலிருந்து வெள்ளவத்தைக்கு வருகிற காலை ரயில் கடலோடு ஒட்டிக்கொண்டே ஓடும். அலை உயர்ந்த நாட்களில் ஜன்னல் கம்பியில் உப்பு பூக்கும். பெட்டியில் எல்லோரும் அடையாள அட்டையைச் சட்டைப்பையில் தொட்டுப் பார்த்துக்கொண்டு, கடலைப் பார்க்காமல் வருவார்கள். மெற்றில்டா கடலைப் பார்த்துக்கொண்டு வருவாள். பயம் இல்லாமல் அல்ல. கடலுக்குப் பதிவு கிடையாது, எந்தப் பொலிசிலும் போய்ப் பெயர் எழுதவேண்டியதில்லை என்ற சின்னப் பொறாமை.

அது தொண்ணூற்றெட்டாம் ஆண்டு. இராஜநாயகம் யாழ்ப்பாணத்துத் தபாலதிபர், ஓய்வு பெற்றவர். கடற்கரைக்கு இறங்குகிற ஒழுங்கை ஒன்றில், இரண்டாம் மாடியில், விதவையான தங்கை பாலேஸ்வரியோடு இருந்தார். மனைவி எப்போதோ காலமாகிவிட்டாள். ஒரே மகன் கதிர்காமநாதன், வீட்டில் நாதன். கதிர்காமத்து முருகனிடம் கேட்டு வாங்கிய பிள்ளை என்பதால் அந்தப் பெயர். ஐந்து மாதத்துக்கு முன் ஒரு இராணுவச் சுற்றிவளைப்பில் ஒழுங்கையில் நின்ற இளைஞர்களோடு நாதனையும் ஏற்றிக்கொண்டு போனார்கள். இப்போது தெற்கே கடலோரமாகத் தடுப்பு முகாம் ஒன்றில் இருந்தான். சனிக்கிழமைகளில் பார்க்கலாம். ரயிலிலிருந்து இறங்கி மைல்கல் கணக்கில் ஒன்றரைக் கட்டை நடக்கவேண்டும். பிறகு வரிசையில் நாலைந்து மணித்தியாலம் நிற்கவேண்டும்.

இராஜநாயகத்துக்கு மூட்டு வீங்குகிற இந்தக் கவுட் வருத்தம் முந்தியும் இருந்ததுதான். வருடத்தில் ஒன்றிரண்டு முறை வந்து, மூன்று நாள் ஆளைப் படுக்கையில் போட்டுவிட்டுப் போய்விடும். மகனைக் கொண்டுபோன பிறகோ கிழமைக்கு ஒருமுறை வந்தது. அதுவும் சரியாகச் சனிக்கிழமை காலையில். வெளிக்கிட்டுச் சால்வையும் போட்டுக்கொண்டு கட்டிலில் இருந்தபடி செருப்புக்குள் கால் வைப்பார். வைத்த காலை அப்படியே எடுத்துவிடுவார். பாலேஸ்வரி தனியே போய்வருவாள்.

"அப்பா எங்கை மாமி?" என்று கேட்பான் மகன்.

"காய்ச்சல் தம்பி."

அடுத்த கிழமை, "வயித்துக்குத்து தம்பி." அதற்கடுத்த கிழமை, "கண்ணிலை பீளை."

உண்மையைச் சொல்லியிருக்கலாம். முகாமில் இருக்கிற பிள்ளைக்கு, உன்னை நினைத்து அப்பா நடக்கமுடியாமல் போய்விட்டார் என்று எப்படிச் சொல்வது? பாலேஸ்வரி சின்ன வருத்தங்களாகப் பார்த்துப் பொறுக்கிச் சொன்னாள். சின்ன வருத்தங்கள் கிழமைக்கொன்றாகக் கூடி, கம்பிக்கு அந்தப் பக்கம் ஒரு பிணமாகிவிட்டன. மாமி கொண்டுபோன சாப்பாட்டுப் பார்சலை நாதன் திருப்பிக் கொடுத்துவிட்டான்.

"அப்பா இல்லையெண்டால் இல்லையெண்டு சொல்லுங்கோ மாமி. ஏன் மறைக்கிறியள்? அவர் வந்து நிண்டால்தான் இனி நான் சாப்பாடு எடுப்பன்."

முகாமில் கொடுக்கிறதிலும் பாதியை அவன் தொடுவதில்லை என்று பக்கத்து வரிசைப் பெண் ஒருத்தி பாலேஸ்வரியின் காதில் சொன்னாள்.

ஆகவே அந்த வீட்டில் கால் என்பது கால் மாத்திரம் அல்ல. ஒழுங்கை முனையில் டிஸ்பென்சரி வைத்திருந்த டொக்டர் மஜீட் தினம் ஒன்றாக ஒரு வெள்ளைக் குளிசை எழுதிக் கொடுத்தார். ரத்தத்தில் யூரிக் அசிட் ஒன்பது தசம் ஆறு. அதை ஆறுக்குக் கீழே கொண்டுவந்தால் வருத்தம் மெல்ல மெல்லக் கழன்றுவிடும் என்றார். கொண்டுவருகிறதா என்று பார்த்துச் சொல்லத்தான் மெற்றில்டா.

ஆறு கிழமை போயிற்று. சனிக்கிழமைகளில்தான் லாப் வாகனம் டிஸ்பென்சரிக்கு வரும். அன்று காலை மெற்றில்டாவே ரத்தம் எடுத்துக் கொண்டுபோய்க் கொடுத்தாள். மறுநாள் கடதாசி வந்தது: ஒன்பது தசம் ஒன்று.

"இது மருந்தோ, மாவுருண்டையோ?" என்றாள் பாலேஸ்வரி. மூவரும் டிஸ்பென்சரியின் பச்சை வாங்குப் பலகையில் இருந்தார்கள். இராஜநாயகத்தின் கால் முக்காலி ஒன்றில் தனி ஆளாக இருந்தது. "டொக்டர், நான் சொல்லுறனெண்டு கோவிக்கக்கூடாது. வெள்ளிக்கிழமை மிஸ்ஸி வாறேல்லை. அண்டைக்குக் கால் பூப்போலை இருக்கும். சனிக்கிழமை இவ வந்து குளிசை குடுக்கிறா. பின்னேரம் பாத்தால் பூசணிக்காய். அப்ப ஆர் வீங்க வைக்கிறது?"

மெற்றில்டாவுக்குக் காது சுட்டது. நியாயமான கேள்விதான்.

"நோவப் பாத்து இந்த மருந்த மதிக்க ஏலா," என்றார் மஜீட். "பழைய ஊட்டக் கூட்டினா மொதல்ல தூசிதானே எழும்பும். படிஞ்சி கெடந்த உப்பு கரையக்குள்ள கால் கொஞ்சம் கத்தும். அதுக்குப் பயந்து குளிசைய நிப்பாட்டினா திரும்ப அதே கதைதான். ஆனா…" கடதாசியை இன்னொருமுறை பார்த்தார். "இந்த நம்பர் எனக்கிட்டயும் விளங்கல்ல. நாலு கிழமை தாறன். அதுக்கும் எறங்கல்லெண்டா நிப்பாட்டுவம்."

"நிப்பாட்டிப்போட்டு?" என்று கேட்டார் இராஜநாயகம்.

டொக்டர் பேனாவை மூடினார். "நோவுக்கு மட்டும் மருந்து தரலாம். நடக்கிறதுக்கு என்னால வாக்குத் தர ஏலா மாஸ்டர்."

தபாலதிபரை அவர் மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவார். கிழவர் தன் காலைப் பார்த்துக்கொண்டிருந்தார். விலாசம் எழுதாமல் வந்துவிட்ட கடிதத்தைப் பார்ப்பதுபோல.

அன்று வீட்டுக்குப் போகிற ரயிலில் மெற்றில்டா கொப்பியைத் திறந்தாள். கோட்டை சோதனைச் சாவடியில் ஒரு சிப்பாய்ப் பையன் அந்தக் கொப்பியை ஒருமுறை புரட்டிப் பார்த்து, நூல்களை எண்ணி, இது என்ன இரகசிய எழுத்தா என்று சிங்களத்தில் கேட்டிருக்கிறான். "லெடெக்கே கக்குல மல்லி," நோயாளியின் கால், தம்பி, என்று சொன்னாள். தன் அம்மாவுக்கும் கால் வீக்கம் இருக்கிறது, எந்த எண்ணெய் நல்லது என்று கேட்டுக்கொண்டு கொப்பியைத் திருப்பிக் கொடுத்தான். இப்போது அவளும் அவனைப்போலவே ஒன்றும் விளங்காமல் பார்த்தாள். மாலை வெயில் கடலில் பட்டு ஜன்னல் வழியே பக்கத்தில் விழுந்தது. நூல்கள் மினுங்கின. ரயில் ஆட, கொப்பி ஆட, ஒவ்வொன்றாக நின்ற நூல்களின் தலைகள் ஒன்றையொன்று தொட்டு ஒரே கோடாகிவிட்டன. கோடு எழும்பிற்று. தாழ்ந்தது. மறுபடி எழும்பிற்று. வெளியே கடலும் அதைத்தான் செய்துகொண்டிருந்தது.

அலை எழும்புகிற இடம் எப்போதும் ஒன்றுதான். வெறும் இடத்துக்கு அடுத்து. வெள்ளிக்கிழமை அவளுக்கு ஓய்வு, நூல் இல்லை. வியாழன் அவள் விட்டுப்போகிற கொப்பியில் பாலேஸ்வரியின் நீலப் பேனாச் சரி மட்டும் இருக்கும். அந்த வெறுமையைத் தாண்டியதும் சனிக்கிழமை நூல் நீண்டு, ஞாயிறு அதைவிட நீண்டு, பிறகு வியாழன் வரை குறைந்து குறைந்து வரும்.

குளிசையால் வருகிற வீக்கத்துக்கு நாள்காட்டி தெரியாது. வெள்ளிக்கிழமை அந்த வீட்டில் ஏதோ நடக்கிறது.

திங்கட்கிழமை சாடையாகக் கேட்டுப் பார்த்தாள். "அக்கா, வெள்ளிக்கிழமையில ஐயாவுக்கு என்ன சமைக்கிறீங்க?"

"வெள்ளிக்கிழமையோ? இந்த வீட்டிலை அண்டைக்கு மச்சச் சட்டி அடுப்பிலை ஏறாது பாருங்கோ." பாலேஸ்வரி முகத்தை அரிசிச் சுளகுக்குள் புதைத்துக்கொண்டாள். "உங்கடை ஆக்கள்தான் மீன் சந்தைக்குப் போய் மீனை மீனாய் அள்ளிக்கொண்டு வாறது."

கேட்ட கேள்விக்கு அது பதில் இல்லை.

முதல் வெள்ளிப் பூசையை அவள் தவறவிட்டது பதினேழு வருடத்தில் அந்தக் கிழமைதான். மத்தியானம் பன்னிரண்டரைக்கு வெள்ளவத்தைப் படிகளில் ஏறி, கதவைத் தட்டாமல் தள்ளினாள். ஊதுபத்தி வாசம். விறாந்தைக் கதிரையில் இராஜநாயகம் கடலைப் பார்த்தபடி இருந்தார். நெற்றியில் திருநீறு காய்ந்து வெடித்திருந்தது. உதடும் அப்படியே. பக்கத்து முக்காலியில் பித்தளைச் செம்பு, அதன் மூடியில் அன்றைய வெள்ளைக் குளிசை.

"மிஸ்ஸி, நீங்கள் வெள்ளிக்கிழமை வாறேல்லையே?" என்று குசினிக்குள்ளிருந்து ஓடிவந்தாள் பாலேஸ்வரி. வந்தவள் நிலையில் நின்றுவிட்டாள்.

மெற்றில்டா கிழவரின் புறங்கைத் தோலைக் கிள்ளி விட்டாள். மடிந்த தோல் மடிந்தபடி நின்றது. செம்பைத் தூக்கிப் பார்த்தாள். நிரம்பியிருந்தது.

"எப்ப தொடக்கம் தண்ணி குடிக்கேல்ல?"

"நேற்றுப் பின்னேரம் தொடக்கம்," என்றார். பிடிபட்ட பள்ளிக்கூடப் பிள்ளையின் குரல்.

"எத்தனை வெள்ளி?"

"நாதனைக் கொண்டுபோன கிழமையிலை இருந்து. பிள்ளையைக் கண்ணாலை காணுமட்டும் வெள்ளிக்கிழமை பச்சைத்தண்ணி பல்லிலை படாது எண்டு நேர்த்தி."

"குளிசை?"

"விழுங்கத் தண்ணி வேணுமே."

"அப்ப இந்தச் சரி?" கொப்பியைத் திறந்து நீலப் பேனாவைக் காட்டினாள்.

"அது நான் போட்டது," என்றாள் பாலேஸ்வரி. "நேர்த்தியை வெளியிலை சொல்லிக்கொண்டு திரியிறதோ? சொன்னால் நீங்கள் விட்டிருப்பியளோ? அதுதான் போட்டனான். எனக்கும் மனசு குத்தினதுதான்."

மெற்றில்டா தரையில் இருந்துகொண்டாள். கோபம் வரவில்லை. ரயிலில் பார்த்த அலை கண்முன் வந்து மெதுவாக உடைந்தது. இருபத்துநாலு மணித்தியாலம் தண்ணீர் இல்லாமல் காய்கிற உடம்பில் அந்த உப்பு வெளியே போக வழியில்லாமல் கட்டிக்கொள்கிறது. அன்றைக்கென்று குளிசையும் இல்லை. விடிந்தால் சனி. வீக்கம். அந்தச் சனியிலேயே அவள் ஊசியும் கொண்டுவந்து ரத்தம் எடுத்திருக்கிறாள். சனிக்கிழமை மகனைப் பார்க்கவேண்டும் என்று கிழவர் வெள்ளிக்கிழமை கிடந்த பட்டினிதான், ஒவ்வொரு சனியும் அவருடைய காலைப் பிடித்து இழுத்திருக்கிறது.

மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக, இதை அவருக்குச் சொன்னாள். அவர் நிரம்பிய செம்பைப் பார்த்தார்.

"அப்ப நான்தானோ போகவிடாமல் செய்தது?"

"நீங்க இல்ல. தண்ணி இல்லாததுதான்."

"விட்டாலும் பிழை. நேர்த்தி முறிச்சு அவனுக்கு ஒண்டு நடந்தால்? பிடிச்சாலும் பிழை. நான் என்ன செய்ய மிஸ்ஸி?"

"நான் பிடிக்கிறன் அண்ணை," என்றாள் பாலேஸ்வரி.

"நீதான் உன்ரை மனுசன் போன நாளிலை இருந்து வெள்ளி பிடிக்கிறாய். ஒரு வயித்திலை ரெண்டு விரதம் எப்பிடி இருக்கும்?"

மெற்றில்டா சிரித்துவிட்டாள். சிரித்த வாயோடு, யோசிக்காமல் சொன்னாள்: "அப்ப நான் பிடிக்கிறன்."

இருவரும் அவளைப் பார்த்தார்கள்.

"அம்மா ஏலாமக் கிடந்தா மகள் விரதம் பிடிக்கிறதில்லையா? உங்கட வெள்ளியை நான் எடுக்கிறன். வியாழன் பின்னேரத்தில இருந்து விளக்கு வைக்குமட்டும் பச்சைத்தண்ணி இல்ல. நீங்க எட்டுக் கிளாஸ் தண்ணியும் குளிசையும்."

"நீங்கள் வேதக்காரப் பொம்பிளை," என்றார் இராஜநாயகம் தயங்கி. "முருகன் ஏற்றுக்கொள்ளுவாரோ?"

"அவரிட்ட நான் ஏன் கேக்கிறன்? நான் என்ர ஆளிட்டச் சொல்லுறன். அவங்க ரெண்டு பேரும் தங்களுக்குள்ள கதைச்சுக்கொள்ளட்டும்."

பாலேஸ்வரி வாயைச் சேலையால் மூடிக்கொண்டு குசினிக்குள் போனாள். சிரித்தாளா அழுதாளா என்று தெரியவில்லை. திரும்பி வந்தபோது கையில் கண்ணாடிக் கிளாஸ் இருந்தது. செம்புத் தண்ணீரை அதில் வார்த்து அண்ணனின் கையில் வைத்தாள்.

சங்கதியைக் கேட்ட மஜீட் மேசையில் அடித்துச் சிரித்தார். "எங்கட ஆளுகளும் நோன்புக் காலத்தில இதே வேலதான் செய்வாங்க. எனக்கே கேக்கத் தோணல்ல, பாருங்க. மருந்தக் கூட்டத் தேவல்ல மிஸ்ஸி. தண்ணியக் கூட்டுங்க. ரத்தத்த வியாழக்கிழம எடுங்க, நான் லாப்புக்கு ஆள் அனுப்புறன்."

அதற்குப் பிறகு மெற்றில்டா வெள்ளிக்கிழமையும் வந்தாள். முதல் வெள்ளி கொடுமையாக இருந்தது. ரயில் ஜன்னலுக்கு வெளியே அவ்வளவு தண்ணீரும் நீலமாகக் கிடந்து ஒரு சொட்டுக்கும் உதவாமல் அசைந்தது. பம்பலப்பிட்டியில் ஒருவன் இளநீர் வெட்டிக்கொண்டிருந்தான். வெட்டு விழும் சத்தம் தொண்டைக்குள் கேட்டது. நாக்கு வேறு யாருடைய நாக்கோ போல வாய்க்குள் கிடந்தது. விறாந்தையில் இராஜநாயகத்துக்கு எதிரே கதிரை போட்டுக்கொண்டு, மணிக்கொரு கிளாசாக வார்த்துக் கொடுத்தாள். அவர் களவெடுத்ததைக் குடிப்பவரைப்போல, ஒவ்வொரு மிடறுக்கும் அவளை நிமிர்ந்து பார்த்துப் பார்த்துக் குடித்தார்.

"உங்களுக்குத் தொண்டை வறளுதே?"

"நீங்க குடிக்கிறதப் பாக்க வறளேல்ல."

"பொய்."

"ஐயாவுக்கும் என்ர புருவம் பாக்கத் தெரிஞ்சிட்டுதா?"

மூன்றாம் வெள்ளியிலிருந்து தாகத்துக்கு ஒரு தெளிவு வந்தது. பின்னேரம் மூன்று மணியளவில் கடல், கூரைகள், தண்டவாளத்தில் நடக்கிற சிப்பாய், எல்லாம் கழுவித் துடைத்த பாத்திரம்போலத் தெரியும். அப்போது அவள் செபமாலை உருட்டுவாள். உள்ளே பாலேஸ்வரி கந்தசஷ்டிக் கவசம் முணுமுணுப்பாள். இரண்டு முணுமுணுப்புக்கும் நடுவில் கிழவர் தண்ணீர் குடிக்கிற சத்தம் மட்டும் கேட்கும்.

நூல்கள் குறுகின. அந்தச் சனியும் அடுத்த சனியும் கோடு எழும்பிப் பார்த்துவிட்டுப் பாதியிலே படுத்துக்கொண்டது. மூன்றாம் சனி எழும்பவே இல்லை. போர்வை விழுந்தது, புருவம் தூங்கிக்கொண்டிருந்தது. 'துணி தாங்கினார்.' நான்காம் கிழமை வியாழன் எடுத்த ரத்தத்துக்கு வெள்ளி மாலை கடதாசி வந்தது. மஜீட் அதைத் தானே கொண்டுவந்து, மாடிப்படியில் மூச்சு வாங்கிக்கொண்டு நின்று வாசித்தார்.

"அஞ்சு தசம் எட்டு."

பாலேஸ்வரி விளக்கு வைத்தாள். மெற்றில்டா ஒரு செம்புத் தண்ணீரை நின்ற நிலையிலே குடித்து முடித்தாள்.

சனிக்கிழமை விடிய மூன்று பேருமாக ரயில் ஏறினார்கள். இராஜநாயகம் வெள்ளை வேட்டியும் தபால் கந்தோர்க் காலத்துக் கறுப்புச் சப்பாத்தும் போட்டிருந்தார். மெற்றில்டா அன்று காலை போர்வையையும் விட்டுப் பார்த்து, நூலும் சுற்றிப் பார்த்து, இரண்டையும் எழுதிவிட்டுத்தான் வெளிக்கிட விட்டாள். ஒன்றரைக் கட்டையையும் கிழவர் யாரையும் பிடிக்காமல் நடந்தார். வாகைமர நிழல் வந்தபோது மட்டும் நின்று, மூச்சு வாங்குகிறதற்கு என்று சொல்லாமல், மரத்தைப் பற்றி ஏதோ கேட்டார்.

உள்ளே போக உறவினருக்கு மட்டுமே அனுமதி. மெற்றில்டா வாசலுக்கு வெளியே, தண்ணீர்ப் போத்தலும் குளிசையும் மடியில் வைத்துக்கொண்டு, கல் ஒன்றில் இருந்தாள். பத்து மணி. பதினொன்று. இத்தனை நேரம் நின்றால் நோயில்லாத காலே வீங்கும். நிலத்தில் குச்சியால் கோடு கீறினாள். எழும்புகிற கோடு, தாழ்கிற கோடு. வெயில் அதன்மேல் வந்து, கடந்து போயிற்று. வரிசை உள்ளே இழுபட்டுக்கொண்டே இருந்தது.

ஒரு மணிக்கு வெளியே வந்தார்கள். பாலேஸ்வரியின் கையில் பார்சல் இல்லை. மெற்றில்டா முதலில் பார்த்தது அதைத்தான். இரண்டாவதாகச் சப்பாத்து. மூன்றாவதாகத்தான் முகம்.

"எடுத்தானா?"

"எடுத்தான். எனக்கு முன்னாலையே அவிட்டுத் திண்டான்." இராஜநாயகத்தின் குரல் எங்கிருந்தோ வந்தது. "கம்பி வலைக்கு அங்காலை நிண்டுகொண்டு என்னையே பாத்தான், மிஸ்ஸி. பிறகு, 'அப்பா, கொஞ்சம் நடந்து காட்டுங்கோ' எண்டான். ஆள் நான்தானோ எண்டு பாத்தவனோ, ஆவியெண்டு நினைச்சவனோ, தெரியாது. நான் அந்தத் தொங்கலுக்குப் போய் இந்தத் தொங்கலுக்கு வந்தன். இன்னொருக்கா எண்டான். இன்னொருக்காவும் நடந்தன். காவலுக்கு நிண்ட பெடியன் சிரிக்கிறான். என்ரை காலைத்தான் பாத்துக்கொண்டு நிண்டவன், என்ரை பிள்ளை."

"நோவிச்சா?"

"எந்தக் கால்?" என்று கேட்டார் அவர்.

மெற்றில்டா போத்தலைத் திறந்து கொடுத்தாள். அவர் குடித்தார். வலது சப்பாத்தைக் கழற்றச் சொல்லி, அந்தக் கல்லிலேயே இருத்தி, மூட்டைத் தொட்டுப் பார்த்தாள். சூடில்லை. கொப்பி வீட்டில் இருந்தது. கைப்பை மூலையில் கிடந்த நூலைச் சுற்றி, கத்தரிக்கோல் இல்லாததால் பல்லால் கடித்தாள்.

குளிசை பிறகும் நிற்கவில்லை. நடக்கத் தொடங்கிவிட்டோம் என்று நிறுத்தினால் உப்பு திரும்பிவரும் என்பதை மெற்றில்டா அவருக்கு மாதம் ஒருமுறை ஞாபகப்படுத்த வேண்டியிருந்தது. சனிக்கிழமைகளில் அவர் போய்வந்துகொண்டிருந்தார், அடுத்த வருடம் நித்திரையிலே போகும்வரை.

போர் ஓய்ந்திருந்த இரண்டாயிரத்து இரண்டில் நாதன் விடுதலையாகி வந்தான். மெற்றில்டாவை விசாரித்துக்கொண்டு கொட்டாஞ்சேனை ஒழுங்கைக்கு வந்து, தேத்தண்ணி குடித்துக்கொண்டிருக்கையில், அந்த முதல் சனிக்கிழமையைப் பற்றி அவன்தான் சொன்னான். அங்கே கம்பி வலை தொடங்குவது தோள் மட்டத்திலிருந்துதானாம். கீழே முழுக்கப் பலகை. அப்பாவின் காலை அவன் காணவே இல்லை. பலகைக்கு மேலே தெரிந்தது தலை மட்டும். அந்தப் பழைய வருத்தம் வந்தால் அப்பா நொண்டுவார் என்றும், நொண்டுகிற மனிதனின் தலை ஒவ்வொரு அடிக்கும் தாழ்ந்து எழும்பும் என்றும் தெரிந்துதான் நடக்கச் சொன்னானாம். அந்தத் தொங்கலுக்குப் போய் இந்தத் தொங்கலுக்கு வரும்வரை, இரண்டு தரமும், பலகை விளிம்பிலிருந்து நரைத்த தலை ஏறவுமில்லை, இறங்கவுமில்லை.